செடி வாங்குவது கடைசி வேலை

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீடு கட்டி முடிந்துவிட்டது. முன்புறம் முப்பதுக்கு நாற்பது அடி வெற்று நிலம், பின்புறம் அதில் பாதி, பக்கவாட்டில் நான்கடிச் சந்து. செடிகள் வளரும் பருவம் தொடங்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. புல்தரை, இரண்டு மூன்று மரங்கள், பூச்செடிகள், உட்கார ஓர் இடம் எல்லாம் வேண்டும். நாற்றுப்பண்ணைக்கு ஒரு முறை போய் வந்துவிட்டீர்கள். கையில் பட்டியலும் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வைப்பதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு செடிகூட வாங்க வேண்டாம்.

வளரும் பருவம் என்பது சில இடங்களில் மழையோடு வரும், சில இடங்களில் கடைசிப் பனி விலகியதும் வரும். எப்படி வந்தாலும் அது நடுவதற்கான தேதி. பெரும்பாலானவர்கள் அதை வேலை தொடங்கும் தேதியாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் மழை பெய்ததும் உற்சாகம் பிறக்கிறது, செடி வருகிறது, நடுகிறார்கள். பிறகுதான் குழாய் போட வேண்டும் என்று நினைவு வருகிறது, நட்டதைத் தோண்டுகிறார்கள். நடைபாதைக்கு ஜல்லி வந்து இறங்குகிறது, புதிய புல்லின் மேல். பருவத்தின் பாதி, செய்ததைக் கலைத்துச் செய்வதிலேயே போய்விடும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் மூன்று மாதம் அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். செடிக்கு ஊற்றும் தண்ணீரைச் சொல்லவில்லை. வானத்திலிருந்து விழுந்து, கூரையிலிருந்து இறங்கி, உங்கள் நிலத்தில் எங்கோ போய்ச் சேரும் தண்ணீரைச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை சுமார் 93 சதுர மீட்டர். அதன் மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். இறங்கு குழாய் இரண்டுதான் என்றால் ஒவ்வொன்றின் வாயிலும் இரண்டாயிரத்துச் சொச்சம் லிட்டர். அந்த வாய்க்கு நேரே நீங்கள் பூச்செடி வைக்க நினைத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு மழை நாள் கிடைத்தால் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நில்லுங்கள். எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, சுவரோரம் எவ்வளவு நேரம் ஈரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத மாதமென்றால் தோட்டக்குழாயை இறங்கு குழாய் வாயில் வைத்து அரை மணி நேரம் திறந்து விட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

வீட்டைச் சுற்றித் தரை வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். கொத்தனார்கள் இதை வாட்டம் என்பார்கள். மண் தரையென்றால் சுவரிலிருந்து முதல் பத்து அடிக்குள் ஆறு அங்குலம் இறங்குவது நல்ல அளவு. கல்லோ காங்கிரீட்டோ பாவிய தரைக்கு ஐம்பதுக்கு ஒன்று போதும். அதாவது பத்து அடிக்கு ஏறத்தாழ இரண்டரை அங்குலம். கண்ணால் பார்த்து வாட்டத்தைச் சொல்ல முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமதளம் என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய ஒரு முற்றம், தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்துப் பார்த்தபோது வீட்டுப் பக்கமாக மூன்று அங்குலம் சரிந்திருந்தது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனைகளையும் இரண்டு இடங்களில் பிடித்தால் நீர்மட்டம் பொய் சொல்லாது. அரை நாளில் நிலம் முழுவதையும் அளந்துவிடலாம்.

தண்ணீரை எங்கே அனுப்புவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டு நிலத்துக்கு அல்ல. தாழ்வான ஒரு மூலையை இன்னும் சற்றுத் தாழ்த்தி, மழை நின்று ஒரு நாளுக்குள் நீரை உறிஞ்சிக்கொள்ளும் பள்ளப் பாத்தியாக ஆக்கலாம். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். அங்கே ஈரத்தையும் வறட்சியையும் மாறி மாறித் தாங்கும் செடிகளைப் பின்னால் வைக்கலாம். உங்கள் மண் தண்ணீரை உறிஞ்சுமா என்பது அடுத்த கேள்வி.

அதற்குக் கடப்பாரையை எடுக்க வேண்டும். ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி தோண்டுங்கள்; முன்புறம் இரண்டு, பின்புறம் ஒன்று. தண்ணீர் நிரப்பி முழுதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை இறங்கினால் கவலை வேண்டாம். நான்கு அங்குலத்துக்கு மேல் என்றால் மணல் பாங்கு. தண்ணீரும் உரமும் நிற்காது. ஓர் அங்குலத்துக்குக் குறைவு என்றால் வேர் மூச்சுத் திணறும் மண். மாலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் குழிக்குள் கலங்கிய தேநீர் போல் நிற்பதை நான் புதிய வீடுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டால் வீட்டுக்காரர் "களிமண் சார்" என்பார். பெரும்பாலும் களிமண் மட்டும் காரணமல்ல. கட்டுமானக் காலத்தில் லாரியும் கலவை இயந்திரமும் மாதக்கணக்கில் ஏறி மிதித்த மண் அது. மேலே ஆறு அங்குலம் பொலபொலவென்று இருக்கும். கீழே கடப்பாரை 'டங்'கென்று துள்ளும்.

அந்தக் குழிகளைத் தோண்டும்போது வெளியே வருவதையும் கவனியுங்கள். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, கம்பி முனை, சாக்குத் துண்டு. செங்கல் துண்டால் பெரிய கேடு இல்லை. சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். பெரும்பாலான செடிகளுக்கு மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 6 முதல் 7 வரை ஒத்துவரும். அது 8 பக்கம் போய்விட்டால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வரும். இதைப் பார்த்து உரம் உரமாகக் கொட்டுபவர்கள் உண்டு. கோளாறு உரத்தில் இல்லை. மண் பரிசோதனை மலிவான வேலை. முன்புற மண்ணையும் பின்புற மண்ணையும் தனித்தனியாகக் கொடுங்கள், ஏனென்றால் கலவை போட்ட இடம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான்.

மண் என்ன வகை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை பாத்திரம் துலக்கும் பொடி. நன்றாகக் குலுக்கி அசைக்காமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் மேல் படிவது வண்டல். ஒரு நாள் இரண்டு நாள் கழித்து மெல்லப் படிவது களி. மூன்று கோடுகளும் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்த்தால், மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து, "எதற்கு இத்தனை பாடு, இரண்டு லோடு நல்ல மண் அடித்துவிடலாமே" என்பார். நான் அதற்கு எதிரி. இறுகிய மண்ணின் மேல் வேறொரு மண்ணை அரை அடி பரப்பினால் தண்ணீர் இரண்டும் சேரும் இடத்தில் வந்து நின்றுவிடும். வேரும் அங்கேயே நின்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த லோடுக்குள் வரும் கோரைக்கிழங்கு. உலகிலேயே ஒழிக்க முடியாத களைகளில் ஒன்று அது. புல்லைப் பிடுங்கினால் தண்டு கையோடு வரும். கீழே கருமணி போல் கிழங்கு தங்கி, அடுத்த வாரம் இரண்டாக முளைக்கும். மண் வாங்கியே தீர வேண்டும் என்றால், அது கிடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அந்தக் குவியலின் மேல் என்ன முளைத்திருக்கிறதோ அதுதான் உங்கள் தோட்டத்திலும் முளைக்கப்போகிறது.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. காலை எட்டு, நண்பகல், மாலை நான்கு என்று மூன்று வேளை நிழல் எங்கே விழுகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். ஆனால் இன்றைய நிழலை நம்பிச் செடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓராண்டுக்குள் நண்பகல் சூரியன் வடக்குக்கும் தெற்குக்கும் இடையே 47 பாகை நகர்கிறது. எட்டடிச் சுவரின் நிழல், சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது எட்டடி. 30 பாகைக்கு இறங்கினால் ஏறத்தாழ பதினான்கு அடி. நீங்கள் பார்ப்பது பருவத்துக்கு மூன்று மாதம் முந்தைய நிழல். செடி வளரப்போவது வேறொரு நிழலில். நாளுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் நேர்வெயில் விழும் இடத்தை முழுவெயில் என்றும், மூன்று முதல் ஆறு வரை என்றால் அரைநிழல் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அரைநிழலிலும் காலை வெயில் வேறு, மாலை வெயில் வேறு. மேற்குச் சுவரில் பட்டுத் திரும்பும் மாலை வெயில் மென்மையான இலைகளை வறுத்துவிடும்.

தண்ணீர், மண், வெயில் ஆனபின் கால். வீட்டில் உள்ளவர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள்? கதவிலிருந்து வாயிலுக்கு, சமையலறையிலிருந்து துணி உலர்த்தும் கொடிக்கு, குப்பைத் தொட்டிக்கு, தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு. ஆளரவமுள்ள வீட்டில் இரண்டு வாரத்தில் மண்ணிலேயே தடம் விழுந்துவிடும். அந்தத் தடத்தின் மேல்தான் பாதை வர வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறது என்று பாம்பு போல் வளைத்துப் போட்டால் ஒரு மாதத்தில் எல்லோரும் புல்லின் குறுக்கே நடந்து வேறொரு பாதை போட்டுவிடுவார்கள். ஒருவர் நடக்க மூன்றடி அகலம், இருவர் சேர்ந்து நடக்க நாலரை அடி. உங்கள் நான்கடிச் சந்தில் தயவுசெய்து எதையும் நடாதீர்கள். பின்புறத்துக்கு மண்ணும் உரமும் தள்ளுவண்டியில் போக வேண்டிய ஒரே வழி அது. செடி வளர்ந்து வழியை அடைத்தபின் ஒவ்வொரு மூட்டையும் வரவேற்பறை வழியாகத்தான் போகும்.

படிக்கட்டு வருமென்றால் ஒரு கணக்கு: ஏறும் உயரத்தை இரண்டால் பெருக்கி, மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் 25, 26 அங்குலம் வர வேண்டும். உயரம் ஆறு என்றால் அகலம் பதின்மூன்று, பதினான்கு. வெளிப்படிகள் வீட்டுக்குள் உள்ளதைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருந்தால்தான் ஈரத்தில் கால் வழுக்காது.

இனி வரைபடம். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஓரடி என்று வையுங்கள். முதலில் வீட்டைப் போடுங்கள், கதவு, சன்னல், இறங்கு குழாய் உட்பட. நிலத்தில் தனியாக நிற்கும் எதையும், ஏற்கெனவே உள்ள மரமோ கிணறோ கம்பமோ, வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து அளந்து குறியுங்கள். இரண்டு அளவும் வெட்டும் இடம்தான் அதன் இடம். மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பாருங்கள். பிறகு பூமிக்குள் இருப்பவை: குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, செப்டிக் டேங்க். வீடு புதிது என்பதால் கட்டியவரிடம் கேட்டால் நினைவிருக்கும். அடுத்த வருடம் அவருக்கே நினைவிருக்காது. முடிந்தால் ஒவ்வொன்றையும் அவர் கை காட்டும்போதே டேப்பைப் பிடித்து அளந்து, புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளைப் பத்துப் பிரதி எடுங்கள். நீர் போகும் வழி, நிழல், நடைபாதை என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரதியில் போட்டுப் பார்த்தால், உட்காரும் இடமும் மரம் வைக்கும் இடமும் தாமாகவே ஓரளவு அமைந்துவிடும். பாத்தியின் வளைவை முடிவு செய்யத் தோட்டக்குழாயைத் தரையில் வளைத்துப் போட்டுவிட்டு மாடியிலிருந்தும், நீங்கள் எப்போதும் உட்காரும் சன்னலிலிருந்தும் பாருங்கள். மரம் வரப்போகும் இடத்தில் ஒரு நீளக் கழியை நட்டு ஒரு வாரம் விட்டுவையுங்கள். வண்டியைத் திருப்பும்போது இரண்டு முறை அதில் இடித்தீர்கள் என்றால் அது மரத்துக்கான இடமில்லை.

வேலை வரிசையில்தான் நான் முதன்முதலில் கோட்டை விட்டேன். எங்கள் வீட்டு முன்புறத்தில் பலகைக்கல் பதித்த நடைபாதை, நல்ல கைவேலை. பதித்து மூன்று வாரம் கழித்துத்தான், இடப்பக்கப் பாத்திக்குத் தண்ணீர்க் குழாய் போக வழியே இல்லை என்று தெரிந்தது. எட்டுக் கற்களைப் பெயர்த்துக் குழாய் போட்டு மறுபடி பதித்தோம். அந்த எட்டும் இன்றைக்கும் ஒரு நூல் தாழ்ந்து நிற்கின்றன. வருகிற விருந்தாளிக்குத் தெரியாது. தினமும் நடக்கிற என் காலுக்குத் தெரியும். இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைப் பாதைக்கு அடியில் குறுக்கே வெறுமனே போட்டு, இரண்டு முனைகளும் ஓரத்தைத் தாண்டி அரையடி நீட்டும்படி மூடி வைத்திருந்தால் போதும். பின்னால் தண்ணீர்க் குழாயோ விளக்குக் கம்பியோ அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாதைக்கும் பாவுதரைக்கும் அடியில் அப்படி ஒன்று போட்டு, வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துவிடுங்கள்.

ஆக வரிசை இது: மண்ணை வெட்டிச் சரித்து வாட்டம் கொடுப்பது முதலில். பிறகு வடிகால், குழாய், கம்பி எல்லாம் பூமிக்குள். பிறகு சுவர், படி, பாதை, பாவுதரை. பிறகு மண்ணைப் பதப்படுத்துவது. பிறகு மரம், அடுத்து புதர்ச்செடி, அடுத்து தரையோடு படரும் சிறுசெடி. எல்லாவற்றுக்கும் பின்னால் புல். கனமான வேலை முதலில், மென்மையான வேலை கடைசியில். உள்ளே இருக்கும் மூலையிலிருந்து வாயிலை நோக்கி. காங்கிரீட்டு எதிர்பார்த்த வலுவை அடைய 28 நாள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பாவுகல் என்றால் அடியில் நான்கு முதல் ஆறு அங்குலம் ஜல்லியை அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல் ஓர் அங்குலம் மணல். கல் அமிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் கல் அல்ல, கண்ணில் படாத இந்த அடித்தளம்.

மண் வேலைக்கு ஓர் எச்சரிக்கை. ஈர மண்ணைத் தொடாதீர்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்; உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர்ந்தால் வெட்டலாம். உதிராமல் களிமண் பொம்மை போல் நின்றால் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். ஈரத்தில் வெட்டிய களி, காய்ந்ததும் செங்கல்லாகிவிடும். நிலம் உறைந்து கிடக்கும் இடத்தில் இருப்பவர்கள் அது இளகும்வரை தாளில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

பாத்திகள் வரும் இடத்தில் மட்டும் இறுகிய மண்ணை ஓரடி வரை உடைத்து, மேலே இரண்டு அங்குலம் மட்கிய உரம் பரப்பி, ஆறு எட்டு அங்குல ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள். முந்நூறு சதுர அடிப் பாத்திக்கு இரண்டு அங்குலம் என்றால் 50 கன அடி. வாங்கப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். உரம் விஷயத்தில் எல்லோரும் கால்வாசிதான் வாங்குகிறார்கள். உரம் நன்றாக மட்கியிருக்க வேண்டும். கையில் எடுத்தால் சூடு இருக்கக்கூடாது, மழை பெய்த காட்டு மண் போல மணக்க வேண்டும்.

அதன்பின் ஒரு தந்திரம். பாத்தி தயாரானதும் செடி நடாமல் தண்ணீர் தெளித்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருங்கள். மேல் மண்ணில் இருக்கும் களை விதைகள் எல்லாம் நம்பி முளைக்கும். முளைத்ததும் களைக்கொத்தால் மேலோட்டமாகச் சீவிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் உள்ள விதைகள் மேலே வந்துவிடும். இதை இரண்டு முறை செய்தால் அந்தப் பருவம் முழுவதும் முதுகுவலி பாதியாகும். கடும் வெயில் காலமென்றால் ஈர மண்ணின் மேல் கண்ணாடி போன்ற பாலித்தீன் விரிப்பை இறுக்கமாக மூடி, ஓரங்களில் மண் போட்டு ஆறு வாரம் விடலாம். சூட்டிலேயே பல விதைகள் செத்துவிடும். மேலே சொன்ன கோரைக்கிழங்கு மட்டும் இதற்கெல்லாம் அசையாது.

இப்போது அந்தப் பட்டியலை வெளியே எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள் எழுதுங்கள்: முழுதாக வளர்ந்தபின் உயரம், அகலம். நாற்றுப்பண்ணையில் எல்லாம் முழங்கால் உயரம்தான். அதனால்தான் ஆறடி இடத்தில் ஒன்பது செடி வைக்கிறோம். வளர்ந்தால் இருபதடி விரியும் மரத்தைச் சுவரிலிருந்து பத்தடிக்கும் குறைவாக வைத்தால், வாழ்நாள் முழுவதும் அதை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வேர் கிளையைவிட வெகுதூரம் போகும். நீரை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் பக்கவாட்டில் ஓடுகிறது. ஆல், அரசு இனத்து மரங்களையும் ஓடிப் பரவும் மூங்கிலையும் கழிவுநீர்க் குழாய்ப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். செடிக்குச் செடி இடைவெளி இரண்டின் அகலத்திலும் பாதி பாதி. முதல் ஆண்டு வெறிச்சென்று இருக்கும். அந்த வெற்றிடத்தில் ஒரு பருவத்தோடு முடிந்துபோகும் பூச்செடிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டடி மரம் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் மயங்காதீர்கள். நிலத்திலிருந்து பெயர்க்கும்போது வேரின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த மரம் இழந்த வேரை ஈடுகட்டவே சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் வைத்த நான்கடிக் கன்று அதை எட்டிப் பிடித்துவிடும்.

கன்று வாங்கும்போது பையிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வேர் பைக்குள் வாட்ச் ஸ்பிரிங் மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அப்படிப்பட்டது நட்டபின்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பத்து வருடம் கழித்துத் தன் தண்டையே நெரிக்கும். குழி, வேர்க்கட்டியை (வேரும் அதைப் பிடித்திருக்கும் மண்ணும் சேர்ந்த உருண்டையை) போல இரண்டு மூன்று மடங்கு அகலம். ஆழமோ வேர்க்கட்டியின் உயரம் மட்டும்தான். தண்டு அடியில் சற்று விரிந்து வேராக மாறும் அந்தக் கழுத்து, தரைமட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் உறுதியாக நிற்கும் என்பது தவறான நம்பிக்கை. கழுத்து அழுகி மரம் போகும். குழியை அதே மண்ணால் மூடுங்கள். குழிக்குள் மட்டும் பஞ்சு போன்ற உர மண்ணைப் போட்டால், களிமண்ணுக்குள் ஒரு பூந்தொட்டியைப் புதைத்தது போல் ஆகிவிடும். நீர் அதிலேயே தேங்கும், வேரும் அதைவிட்டு வெளியே போக மறுக்கும். உரத்தை மேலே போடுங்கள். அதன் மேல் மூடாக்கு, இலைச்சருகோ மரச்சீவலோ, மூன்று அங்குலம். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமனே விடுங்கள். பச்சை மரச்சீவலை மண்ணோடு கலக்கக் கூடாது. மட்கும்போது மண்ணின் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். மேலே பரப்பினால் அந்தச் சிக்கல் இல்லை.

உங்கள் மூன்று மாதத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் மூன்று வாரம் பார்ப்பது, அளப்பது, வரைவது. ஒரு காசு செலவில்லை. அடுத்த மூன்று வாரம் மண் வெட்டு, வாட்டம், குழாய்கள். அதற்கடுத்த மூன்று நான்கு வாரம் கல் வேலையும் கொத்து வேலையும். ஆள் வராத நாட்கள் எல்லாம் இதில்தான் வரும், அதனால் ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி நாட்கள் மண்ணுக்கும் களைக்கும். பருவம் தொடங்கும் வாரத்தில் மரங்கள், அதன் பின்னாலேயே புதர்ச்செடிகள்.

பணம் போதாது என்று தோன்றினால் எதைக் குறைப்பது? பூமிக்குள் போவதைக் குறைக்காதீர்கள். பின்னால் அதைச் செய்ய மேலே உள்ளதை உடைக்க வேண்டியிருக்கும். மரங்களையும் தள்ளிப் போடாதீர்கள், அவற்றுக்கு வேண்டியது காலம். பூச்செடியும் அலங்கார விளக்கும் அடுத்த வருடத்துக்குக் காத்திருக்கும். பின்புறத்தை முழுதாக ஒத்திப்போடுவதும் நல்ல வழிதான். ஆனால் அங்கே போகும் குழாயை மட்டும் இப்போதே கொண்டுபோய், முனையை மூடி வையுங்கள்.

புல்தரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்புறம் முழுவதும் புல் போட வேண்டும் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். புல் என்பது தோட்டத்திலேயே அதிகத் தண்ணீரும் அதிக வேலையும் கேட்கும் பகுதி. பிள்ளைகள் உருண்டு விளையாடும் இடம், நீங்கள் வெறுங்காலோடு நடக்க விரும்பும் இடம், அவ்வளவுக்கு மட்டும் போடுங்கள். இருபதுக்கு பதினைந்து அடியே தாராளம். சுற்றிலும் கல் விளிம்பு ஒன்றைப் புல்லின் மட்டத்துக்குப் பதித்துவிட்டால் வெட்டும் இயந்திரத்தின் சக்கரம் அதன் மேலேயே ஓடும். ஓரத்தைக் குந்தி உட்கார்ந்து கத்தரிக்க வேண்டியிருக்காது. மரத்தடிவரை புல்லைக் கொண்டுபோகாதீர்கள். நிழலில் அது மெலியும். வெட்டும் இயந்திரம் தண்டின் பட்டையை உரசி உரசிக் கன்றையே கொன்றுவிடும். விதையோ, மண்ணோடு வெட்டியெடுத்த புல் பத்தையோ, கடைசி ஆள் தள்ளுவண்டியோடு வாயிலைத் தாண்டிய மறுநாள் போடுங்கள்.